இசை படத்தோடு ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து குறும்படம், ஆவணப்படம், கோயில் கொடைத் திருவிழா வீடியோ, கடை விளம்பரம் என்று வருகிற எல்லாவற்றுக்கும் கணினியில் இசை போடுகிறவன் நான். அம்பாசமுத்திரம், களக்காடு, சங்கரன்கோவில் பக்கமிருந்து எடிட்டிங் செய்கிற தம்பிகள் போன் போட்டால் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணாச்சி, சிங்க் ஆகல.”

காய்ச்சல் என்று சொன்னதும் எந்த டாக்டரும் மாத்திரை எழுதுவதில்லை. எப்போது ஏறுது, எப்போது இறங்குது, குளிர் வருதா என்று கேட்பார். இங்கேயும் அதே கேள்விதான். மெனுவைத் திறந்து ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால், விலகல் எப்படி வருகிறது என்று பாருங்கள். படத்தின் தொடக்கத்தில் ஒரு இடம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று இடம் எடுங்கள். கதவு அறைவது, கை தட்டுவது, வில்லுப்பாட்டில் வீசுகோல் வில்லில் விழுவது மாதிரி கண்ணுக்கும் காதுக்கும் கூர்மையாகத் தெரிகிற இடமாக இருக்கட்டும். அந்த இடத்தில் ஒலி எத்தனை பிரேம் (நொடிக்கு 24, 25 என்று ஓடுகிற தனித்தனிப் படம்) முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று எண்ணித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை. அந்த மூன்று எண்ணைப் பார்த்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று முக்கால்வாசி தெரிந்துவிடும்.

மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகல்

தொடக்கத்தில் 3 பிரேம், நடுவில் 3, கடைசியில் 3. இது வேகக் கோளாறு இல்லை. எங்கோ மொத்தமும் ஒரு தடவை நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் காதில் மாட்டியிருப்பதைப் பாருங்கள். புளூடூத் ஹெட்போன் என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வயர் போட்டுக் கேளுங்கள். புளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர 100 முதல் 300 மில்லி நொடி வரை ஆகும். 25 பிரேம் படத்தில் ஒரு பிரேம் 40 மில்லி நொடி. அப்படியென்றால் இரண்டரை பிரேமிலிருந்து ஏழெட்டு பிரேம் வரை பிந்திக் கேட்கும். சினிமா பார்க்கிற செயலிகள் படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திச் சரிக்கட்டிவிடும். இசை மென்பொருளில் அதை நம்பக் கூடாது. புளூடூத்தில் கேட்டுக்கொண்டே இசையை முன்னால் இழுத்து வைத்துவிட்டு, பிறகு வயரில் கேட்டதும் எல்லாம் முந்துகிறதே என்று தவித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எம்பி3. இசையை எம்பி3 ஆக அனுப்பினால் அந்த வடிவமே கோப்பின் தலையில் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். பாட்டுக் கேட்க அது பரவாயில்லை. படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு மட்டுமே அனுப்புங்கள்.

மூன்றாவது, கோப்பை எடிட்டர் எந்த இடத்தில் வைத்தார் என்பது. படத்தின் முதல் பிரேமுக்குச் சரியாக 2 நொடி முன்னால் ஒரே ஒரு பிரேம் நீளத்துக்கு 1000 ஹெர்ட்ஸ் ‘பீப்’ வைத்து அனுப்புவது பழைய திரைப்பட வழக்கம். படத்திலும் அதே இடத்தில் ஒரு பீப் இருந்தால், இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துவிடலாம். சந்தேகத்துக்கே இடமில்லை. மெயிலில் பத்து வரி விளக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு பீப் மேல்.

இங்கே நம்ம ஊர்க் கொடை வீடியோவுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டு மேடைக்கு 30 மீட்டர் தள்ளி, கூட்டத்துக்குப் பின்னால் கேமரா நிற்கிறது. மேடையில் குடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ரெக்கார்டர் வைத்திருக்கிறோம். ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 30 மீட்டர் கடக்க 86 மில்லி நொடி, அதாவது இரண்டு பிரேமுக்குச் சற்று மேல். கேமராவின் மைக்கில் பதிவான ஒலி ஏற்கெனவே அவ்வளவு பிந்தியதுதான். எடிட்டிங் மென்பொருளில் ‘ஒலி அலையைப் பார்த்து இணை’ என்று கொடுத்ததும், அது மேடை ரெக்கார்டரின் ஒலியைக் கேமரா ஒலியோடு கச்சிதமாக ஒட்டவைக்கும். இரண்டு அலையும் ஒன்றின் மேல் ஒன்று அழகாக உட்கார்ந்திருக்கும். படத்தில் வீசுகோல் வில்லைத் தொட்டு இரண்டு பிரேம் கழித்து மணி கிலுங்கும். அலையைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். கோல் வில்லில் படுகிற அந்தப் பிரேமில் நிறுத்தி, மேடை ஒலியை அதற்கு இழுத்து வையுங்கள். கேமரா ஒலியைக் கூட்டத்தின் குலவைக்கு மட்டும் மெல்லச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் சரி, போகப் போக விலகுகிறது

இதுதான் அதிகம் வருகிற புகார். அதிகம் பயப்படுகிறதும் இதற்குத்தான். ஆனால் கணக்குப் போட்டால் உடனே பிடிபடுகிற கோளாறும் இதுவே.

களக்காட்டுத் தம்பி ஒருவன் பத்து நிமிஷக் குறும்படத்துக்காக ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டான். “மியூசிக் பிந்திக்கிட்டே போகுது அண்ணாச்சி.”

“ஒண்ணாவது நிமிஷத்துல எவ்வளவு?”

“ரெண்டரை செகண்ட் இருக்கும்.”

“அஞ்சாவதுல?”

கொஞ்ச நேரம் மௌஸ் சத்தம். “பன்னெண்டு.”

“சுருதி ஏறியிருக்கா? குரல் கீச்சுன்னு கேக்குதா?”

“இல்ல, அதெல்லாம் அப்படியேதான் இருக்கு.”

நிமிஷத்துக்கு 2.4 நொடி, சுருதி மாறவில்லை. எனக்கு அவன் அனுப்பிய படம் நொடிக்கு 24 பிரேம், அவன் எடிட்டிங்கில் படத்தை அடுக்கிய கடைசி டைம்லைன் 25 பிரேம். பிரேமுக்குப் பிரேம் அப்படியே ஏற்றியதால் படம் 4 சதவீதத்துக்கு மேல் வேகமாக ஓடுகிறது. நான் 60 நொடிக்குப் போட்ட இசை இப்போது 57.6 நொடிப் படத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவனை டைம்லைன் செட்டிங்கைத் திறக்கச் சொன்னேன். 25 என்றே இருந்தது.

இப்படி வந்தால் இசைக் கோப்பை இழுத்து அமுக்கிச் சரிக்கட்ட வேண்டாம். வாசித்துப் பதிந்த கருவியெல்லாம் தழுதழுக்கும். எது கடைசி, 24 ஆ 25 ஆ என்று முதலில் முடிவு செய்யுங்கள். 24 என்றால் டைம்லைனை மாற்றி மறுபடி ஏற்றினால் முடிந்தது. 25 தான் வேண்டுமென்றால், மிடியில் (ஒலியாகப் பதியாமல் ஸ்வரக் குறிப்பாக) எழுதிய பகுதிக்கு டெம்போவை, அதாவது நிமிஷத்துக்கு எத்தனை அடி என்ற வேகத்தை, 24 க்கு 25 என்ற விகிதத்தில் ஏற்றுங்கள். 96 இல் எழுதியது 100 ஆகும். சுருதி மாறாது. பதிந்த நாதஸ்வரமோ பாட்டோ இருந்தால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, மூச்சு விடுகிற இடங்களில் நெருக்கி வையுங்கள்.

சுருதியும் ஏறியிருந்தால் வேறு கதை. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 என்று நினைத்து ஓட்டுகிறது. ஒரு நிமிஷம் 55 நொடியாகச் சுருங்கும், சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும். 1 கட்டையில் பாடியது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். இப்போதைய மென்பொருள்கள் கோப்பைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். ஆனால் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கிற பெட்டி) ஒரு அளவிலும் புராஜெக்ட் வேறு அளவிலும் நின்றுவிட்டால் இது நடக்கும். 44.1 குறுந்தகட்டின் அளவு, படத்துக்கு 48. புராஜெக்ட் திறக்கும்போதே 48 என்று வைத்துவிடுங்கள்.

விலகல் ரொம்பக் கொஞ்சமாக, நிமிஷத்துக்கு 60 மில்லி நொடி என்று வளர்ந்தால் அது 24 க்கும் 23.976 க்கும் உள்ள வித்தியாசம். ஆயிரத்தில் ஒரு பங்கு. அரை நிமிஷ விளம்பரத்தில் கண்ணில் படாது. இருபது நிமிஷப் படத்தில் 1.2 நொடி வந்துவிடும். கேமரா மெனுவில் 24 என்று போட்டிருந்தாலும் சில கேமராக்களில் பதிவது 23.976 தான். கோப்பின் விவரத்தைத் திறந்து பாருங்கள்.

இரண்டும் இல்லை, ராத்திரி முழுக்கப் பதிந்த கொடையில் மணிக்கு இரண்டு மூன்று பிரேம் விலகுகிறதா? கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் தனித்தனியே ஓடுகின்றன, அது இயல்பு. அரை மணிக்கு ஒரு இடத்தில் ரெக்கார்டர் ஒலியை வெட்டி, கதை சொல்கிறவர் பேச்சை நிறுத்துகிற மௌனத்தில் ஒட்டுங்கள். யாருக்கும் தெரியாது.

ஒரு இடம் வரை கச்சிதம், அதற்கப்புறம் எல்லாம் தள்ளி

நாலாவது நிமிஷம் வரை பூஜ்யம். அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் 15 பிரேம். கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. எடிட்டர் அந்த இடத்தில் ஒரு ஷாட்டைக் குறைத்துவிட்டு உங்களிடம் சொல்லவில்லை. திட்டாதீர்கள், இயக்குநர் பக்கத்தில் நின்று வெட்டச் சொல்லியிருப்பார். பழைய படத்தையும் புதிய படத்தையும் மேலும் கீழும் வைத்து ஓட்டி, பிரிகிற பிரேமைக் கண்டுபிடியுங்கள்.

25 பிரேமில் 15 பிரேம் என்றால் 0.6 நொடி. டெம்போ 100 என்றால் ஒரு அட்சரம், அதாவது தாளத்தின் ஒரு அடி, சரியாக 0.6 நொடி. ஆகா, ஒரு அட்சரத்தைத் தூக்கிவிடலாம் என்று தோன்றும். தாளம் தெரிந்த காது நம்ம ஊரில் நிறைய. ஆதி தாளத்தில் ஒன்றை விழுங்கினால் சங்கரன்கோவில் பாட்டிகூடத் தலையை நிமிர்த்துவார். நான் செய்வது வேறு. வெட்டு விழுந்த இடத்துக்கு முந்தைய 20 நொடியை எடுத்து, அதன் டெம்போவை 100 இலிருந்து 103 ஆக ஏற்றுவேன். 20 நொடி 19.4 ஆகிவிடும். மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற மாதிரி வைத்தால் காதுக்குத் தெரியாது, அடுத்த அடி சரியான பிரேமில் வந்து விழும்.

இதற்காகத்தான் ஒவ்வொரு படக் கோப்பின் பெயரிலும் எத்தனையாவது வெட்டு என்ற எண்ணும், படத்தின் மூலையில் ஓடுகிற டைம்கோடும் (நேரம் காட்டும் எண்) கட்டாயம் வேண்டும் என்கிறேன். அது இல்லாமல் வந்த படத்துக்கு நான் இசை தொடங்குவதில்லை.

அங்கே சரி, இங்கே தப்பு, மறுபடி சரி

எண்கள் 0, 4, 1, 6 என்று தாறுமாறாக இருந்தால் படம் போனில் எடுத்ததா என்று கேளுங்கள். பல போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பப் பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். நிழலிலிருந்து வெயிலுக்கு வந்த இடத்தில் ஒரு வேகம், மண்டபத்துக்குள் போனால் இன்னொன்று. ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச மென்பொருளில் போட்டு நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எடிட் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. எடிட் முடிந்த பிறகு செய்தால் இரட்டை வேலை.

படம் சரி, நீங்கள் சேர்த்த தாள லூப்தான் (திரும்பத் திரும்ப ஓடுகிற துண்டு) வில்லுப்பாட்டோடு சேராமல் அலைகிறதா? அங்கே கோளாறு லூப்பில். கதை உருகுகிற இடத்தில் பாடுகிறவர் இழுப்பார், சுடலைமாடன் வருகிற இடத்தில் உடுக்கையோடு ஓடுவார். அந்த ஓட்டத்தை மென்பொருள் சம இடைவெளியில் போட்டிருக்கிற நேரக் கட்டத்துக்குள் இழுத்து உட்கார வைக்காதீர்கள். கட்டத்தை அதற்கு வளையுங்கள். ரீப்பரில் டெம்போ மார்க்கர், க்யூபேஸில் டெம்போ கண்டறிதல், லாஜிக்கில் ஸ்மார்ட் டெம்போ என்று எல்லாவற்றிலும் வழி இருக்கிறது. தானாகக் கண்டுபிடிக்கிற வசதி பேஸ் டிரம் உள்ள பாட்டுக்கு நன்றாக வேலை செய்யும். உடுக்கைக்கு ஏமாந்துவிடும், ஏனென்றால் உடுக்கையின் ஒலி ஒரு அடிக்குள்ளேயே வளைந்து ஏறுகிறது. வீசுகோல் மணியின் அடியைப் பிடித்து, நாலு அட்சரத்துக்கு ஒரு மார்க்கர் என்று கையால் வைப்பதே பத்திரம். மூன்று நிமிஷப் பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும், அதற்குத் தகுந்த பலனும் உண்டு. அப்புறம் நீங்கள் எழுதுகிற எந்த இசையும் அவரோடு சேர்ந்து மூச்சு விடும்.

நாதஸ்வரம் சேரமாட்டேன் என்கிறது

நேரம் சரி, ஆனால் கீபோர்டும் நாதஸ்வரமும் ஒன்றையொன்று உரசுகின்றன. யாரோ அபசுரமாக வாசிக்கிற மாதிரி கேட்கிறது. தயவு செய்து வித்வானைக் குறை சொல்லாதீர்கள். சுருதி திருத்தும் கருவியையும் நாதஸ்வரத்தின் மேல் போடாதீர்கள். அது கமகத்தை நோட்டு நோட்டாக நறுக்கிவிடும், பிறகு அது நாதஸ்வரமே இல்லை.

தென்காசிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பாரி நாதஸ்வரம் பதிந்தேன். தொடங்குவதற்கு முன்னால் வித்வானிடம், “ஐயா, ஷட்ஜத்தை மட்டும் பத்து செகண்ட் பிடிங்க” என்றேன். சீவாளியை ஈரப்படுத்தி, கண்ணை மூடிப் பிடித்தார். ட்யூனர் 315.6 ஹெர்ட்ஸ் காட்டியது. இரண்டரைக் கட்டை என்பது கீபோர்டில் 311.1. ஆக, அவருடைய சுருதி கீபோர்டைவிட 25 சென்ட் மேலே, அதாவது அரை ஸ்வர இடைவெளியில் கால் பங்கு. கீபோர்டோடு சேர்த்தால் உரசத்தான் செய்யும். அவரோ அவருடைய ஒத்தோடும் சுருதிப்பெட்டியோடும் இம்மி பிசகாமல் சேர்ந்து நிற்கிறார்.

மென்பொருளில் ஏ440 என்று இருக்கிற மொத்தச் சுருதியை 446.4 ஆக ஏற்றினேன். எல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்று கவனியுங்கள். சில சாம்பிள் கருவிகள் மொத்தச் சுருதிக்குக் கட்டுப்படாது, ஒவ்வொன்றிலும் தனியாக 25 சென்ட் ஏற்ற வேண்டும். ஒலிக் கோப்பாக இருக்கிற லூப்களுக்கும் அப்படியே. காற்றுக் கருவி வாசிக்க வாசிக்கச் சூடேறிச் சுருதி கொஞ்சம் மேலே போகும். அதனால் கடைசியிலும் ஒரு முறை ஷட்ஜம் வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள். நடுவில் எந்த இடத்தில் எவ்வளவு என்று அப்புறம் தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் சில இடத்தில் மட்டும் உரசினால், நீங்கள் கீழே பிடித்திருக்கிற கார்டைப் (ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்துகிற ஸ்வரங்களை) பாருங்கள். வித்வான் வாசிக்கிற அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் பக்கம் நிற்கும். கீபோர்டில் அது 400. பதினாலு சென்ட் இடைவெளி நீண்ட ஸ்வரத்தில் நன்றாகவே கேட்கும். பஞ்சமத்தில் வித்தியாசம் வெறும் 2 சென்ட். ஆகவே கீபோர்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் விடுங்கள். காந்தாரத்தை நாதஸ்வரமே சொல்லட்டும். நானே இதைக் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆனது. அதற்குப் பிறகு நாதஸ்வரத்துக்குக் கீழே நான் நிறைந்த கார்டு வைத்ததே இல்லை.

மிடியில் வாசித்த கமகம் கோணுகிறது

கீபோர்டில் சுருதியை வளைக்கிற பிட்ச் பெண்ட் வீலைத் தள்ளி நீங்கள் வாசித்தது ஒரு கருவியில் இனிமையாகவும், இன்னொரு கருவிக்கு மாற்றியதும் அலங்கோலமாகவும் கேட்டால், இரண்டின் பெண்ட் அளவும் வேறு. பெரும்பாலான கருவிகள் மேலும் கீழும் 2 அரை ஸ்வரம் என்று வரும். சில 12 என்று வரும். வீலை முழுக்கத் தள்ளினால் ஒன்றில் ஷட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபம், இன்னொன்றில் மேல் ஷட்ஜம். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் வையுங்கள். கமகம் எழுத 12 வசதி. கருவியை ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கிற நிலையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெண்ட் கூடவே ஒலிக்கிற எல்லா ஸ்வரத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்வரம் சரி, ஒரு ஸ்தாயி மட்டும் தள்ளியிருக்கிறதா? மிடியில் 60 ஆம் எண்ணை ஒரு மென்பொருள் சி3 என்கிறது, இன்னொன்று சி4 என்கிறது. பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

கட்டத்தில் வைத்த வயலின் பிந்திக் கேட்கிறது

திரையில் நோட்டுகள் கோட்டின் மேல் கச்சிதமாக இருக்கும், காதுக்குச் சோம்பலாக இருக்கும். கூட்டு வயலின் சாம்பிளில் வில் நரம்பைத் தொட்டு ஒலி நிறைவதற்கே நேரம் எடுக்கும். அதைப் பதிந்தவர்கள் அப்படியே விட்டிருக்கிறார்கள், விடத்தான் வேண்டும். டிராக்கின் தாமதத்தை எதிர்மறை எண்ணாக, மைனஸ் 60, 80, 100 மில்லி நொடி என்று வைத்து மிருதங்கத்தோடு கேட்டுக்கொண்டே நிறுத்துங்கள். மெல்ல எழும் ஒலிக்கும் வெட்டி வாசிக்கும் ஒலிக்கும் அளவு வேறு என்பதால் இரண்டையும் தனி டிராக்கில் வைப்பது நல்லது.

சடசட, படபட

இங்கேயும் முதல் கேள்வி எப்போது என்பதுதான். அதே பகுதியை மூன்று தடவை ஓட்டுங்கள். மூன்று தடவையும் ஒரே இடத்தில் ‘டக்’ என்றால் கோளாறு கோப்புக்குள் இருக்கிறது. வெட்டிய இடத்தில் கிராஸ்ஃபேடு (ஒரு ஒலி தேய, அடுத்தது எழுகிற இணைப்பு) இல்லை, அல்லது பதியும்போதே அளவு மீறிச் சிதைந்திருக்கிறது. முதலாவதை ஐந்து மில்லி நொடி ஃபேடு சரிசெய்யும். இரண்டாவதற்கு மறுபடி பதிவதுதான் நேர்மையான வழி.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் என்றால் கணினிக்கு மூச்சு முட்டுகிறது. பஃபரை, அதாவது ஒலியைக் கணக்கிடக் கணினிக்குக் கொடுக்கிற அவகாசத்தை, ஏற்றுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லி நொடி, 1024 என்பது 21. வாசித்துப் பதியும்போது குறைவாகவும், எழுதி முடித்துக் கலக்கும்போது கூடுதலாகவும் வையுங்கள். கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள் (தற்காலிகமாக ஒலிக் கோப்பாக்கி வையுங்கள்). படம் எச்.264 என்ற சுருக்கிய வடிவத்தில் இருந்தால் ஒவ்வொரு பிரேமையும் முன்பின் பிரேம்களை வைத்து அவிழ்க்கக் கணினி படாத பாடு படும். எடிட்டரிடம் சிறிய அளவில், அவிழ்க்க எளிதான புரோரெஸ் பிராக்ஸி வடிவத்திலோ டிஎன்எக்ஸ்எச்டி வடிவத்திலோ கேட்டு வாங்குங்கள். வட்டில் இடம் கூடப் பிடிக்கும், ஆனால் ஓட்டம் இலகுவாகிவிடும்.

காலையில் நன்றாக ஓடி மதியம் மட்டும் சடசடக்கிறதா? அக்னி நட்சத்திரத்து வெயிலில் நம்ம ஊர் அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அடியில் காற்றுப் போகத் தூக்கி வைத்து, உள்ளே தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்து பாருங்கள். கோடையில் கனமான வேலையை நான் விடியற்காலைக்கு மாற்றிவிடுவேன்.

‘ம்ம்ம்’ என்று அடியில் ஓர் இரைச்சல்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளான 100, 150 உம்தான் அந்த இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றால் எர்த் வளையம்: கருவிகள் வெவ்வேறு வழியாக எர்த்தோடு இணைந்து வளையமாகிவிட்டன. லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே பலகையில் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுத்து, ஸ்பீக்கருக்கு மூன்று கம்பியுள்ள பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். எர்த் முள்ளை ஒடித்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். செய்யவே கூடாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பாடகரின் உயிர் அந்த முள்ளில் இருக்கிறது.

மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் மட்டும் ‘ஜ்ஜ்’ என்று கூர்மையாக வந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டர். அந்த நேரத்தில் பதிவை நிறுத்திவிட்டு எழுத்து வேலையைப் பாருங்கள்.

ஹெட்போனில் அதிர்ந்த குடம் போனில் காணோம்

இரண்டு காரணம் உண்டு, மருந்தும் வேறு வேறு. மாஸ்டரில் மோனோ பொத்தானை அழுத்தி அதே ஹெட்போனில் கேளுங்கள். குடம் அங்கேயும் மறைந்தால், இரண்டு மைக்கில் பதிந்த அலைகள் ஒன்றையொன்று தின்கின்றன. ஒரு டிராக்கின் அலையைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்துங்கள். குடம் திரும்பி வந்தால் அப்படியே விடுங்கள். பாதிதான் வந்தால் ஒரு டிராக்கை மில்லி நொடிக் கணக்கில் நகர்த்திப் பாருங்கள். கணியான் கூத்துக்கு உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடத் தோல்கருவிகளையும் இரண்டு பக்கம் பிரித்து வைக்கும்போது இந்த மோனோ சோதனையை நான் விட்டதே இல்லை. ஊரில் படம் போடுகிற இடத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள், அது மோனோதான்.

மோனோவிலும் குடம் நன்றாகக் கேட்டு, போனில் மட்டும் இல்லையென்றால், போன் ஸ்பீக்கருக்கு அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்பச் சக்தி இல்லை. ஒலியளவை ஏற்றிப் பயனில்லை. சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கிற கருவி) கொஞ்சம் போட்டு மேல் மடங்குகளை உண்டாக்குங்கள், அல்லது குடத்தின் வாயில் தட்டுகிற அந்த ‘தப்’ என்ற முனையை உயர்த்துங்கள். அடி தெரிந்தால் மீதியைக் காது நிரப்பிக்கொள்ளும்.

வசனம் மூழ்குகிறது

இசையைக் குறை, குறை என்று இயக்குநர் சொல்வார். குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் இசையும் இருக்காது, வசனமும் தெளியாது. வசனத்தின் தெளிவு பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. மெய்யெழுத்துகள் அங்கேதான். அந்த இடத்தில் இசையை மூன்று டெசிபல் பள்ளம் செய்தாலே பாதி தீரும்.

மீதிப் பாதி எழுதும்போதே தீர்க்க வேண்டியது. நாதஸ்வரம் குரலின் இடத்திலேயே உட்காருகிற கருவி, எந்த ஈக்வலைசரும் அதை ஒதுக்காது. வசனத்தின் கீழே அதை வைக்காதீர்கள். வசனத்துக்கு இடையில் வையுங்கள். நம்ம பக்கத்துப் பேச்சுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். “ஏல, அங்கன போகாத” என்று ஒரு அம்மா கத்தினால், உயிர் அந்த முதல் ‘ஏல’வில் இருக்கிறது. சட்டென்று வரும், சட்டென்று போகும். கார்டு மாறுகிற அடியை அதன் மேல் வைத்தால் அது செத்துவிடும். கார்டை அரை அட்சரம் தள்ளி, ‘ஏல’ முடிந்ததும் வையுங்கள். இதற்காகவே நான் வசன டிராக்கைத் தனியாகக் கேட்டு வாங்கி, அதைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

யூடியூபில் ஏற்றியதும் மொத்தமும் சத்தம் குறைந்துவிட்டது என்றால், அங்கே மைனஸ் 14 லஃப்ஸ் (காது உணர்கிற சராசரிச் சத்தத்தின் அளவு) பக்கம் இழுத்து நிறுத்துகிறார்கள். அதற்கு மேல் நசுக்கி ஏற்றி அனுப்பினால் நசுங்கியது மட்டும்தான் மிச்சம். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் விடுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

ஒரு ஸ்வரம் நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தால் ‘பானிக்’ பொத்தான். மறுபடி மறுபடி வந்தால், பகுதியைப் பெடல் அழுத்திய இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். பெடலை விடுகிற தகவல் வெட்டில் போய்விட்டது, மிடியில் பெடலுக்கான 64 ஆம் கட்டுப்பாட்டில் ஒரு பூஜ்யம் எழுதுங்கள்.

புராஜெக்ட் திறந்ததும் பாதிக் கருவிகள் ஊமையா? வெளி வட்டின் பெயரோ டிரைவ் எழுத்தோ மாறியிருக்கும். ஒரு தடவை தேடிக் காட்டி, உடனே சேமியுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் கடைசி ஒலி கத்தரித்த மாதிரி நின்றால், ரெண்டர் எல்லை கடைசி நோட்டோடு முடிந்திருக்கிறது. ரிவெர்ப் (எதிரொலி) அடங்குவதற்கு ஐந்தாறு நொடி சேர்த்து விடுங்கள். கோப்பை அனுப்புவதற்கு முன்னால் மென்பொருளை மூடிவிட்டு, வெறும் அந்த வேவ் கோப்பை மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரு தடவை கேளுங்கள். ஏதோ ஒரு டிராக்கில் சோலோ பொத்தான் அழுத்தியபடியே இருந்தது அப்போதுதான் தெரியும்.